சிங்கப்பூரிலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் பரிசுப் பொருள்கள்: எங்கே, எதை வாங்கலாம்?

கேள்வி: தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் ஒரு வாரம் சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். பயணச்சீட்டை அண்ணனே எடுத்துத் தந்துவிட்டார், தங்குவதும் அவர் வீட்டில்தான். எனவே என் கையிலிருந்து செலவாகப் போவது, திரும்பும்போது கொண்டுவர வேண்டிய பரிசுப் பொருள்களுக்கு மட்டுமே. அதற்காகப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் போக வழியும் இல்லை, விருப்பமும் இல்லை.

பட்டியல்தான் அச்சுறுத்துகிறது. வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகள் பிரிக்கப்படுவதைச் சுற்றி நின்று பார்த்து வளர்ந்த கன்னியாகுமரி மாவட்டம் நம்முடையது என்பதால், வெளிநாடு போனவர் வெறுங்கையோடு திரும்பினால் என்ன பேச்சு வரும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பள்ளியில் உடன் வேலை செய்பவர்கள் பன்னிரண்டு பேர், வீட்டில் மாமியார், இரண்டு நாத்தனார்கள், அவர்களுடைய பிள்ளைகள் நால்வர். இவர்களுக்கு மேலாக, பக்கத்து வீட்டுப் பாட்டி கோடாலித் தைலம் வேண்டும் என்று பெயரைச் சொல்லியே கேட்டிருக்கிறார்.

அண்ணனைக் கேட்டால் எல்லாம் லிட்டில் இந்தியாவில் இருக்கும் முஸ்தபா பேரங்காடியில் கிடைக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். மைனிக்கு (அண்ணிக்கு) வேலை நாள்களில் ஓய்வே கிடையாது. உலகிலேயே செலவு மிகுந்த நகரங்களில் ஒன்று என்று சொல்லப்படும் ஊரில் இந்தத் தொகைக்கு மதிப்பு ஏதும் உண்டா? நாகர்கோவிலிலோ திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலோ கிடைக்காத பொருளாக எதை வாங்கலாம்? சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தருகிறார்களாமே, அது என் போன்றவர்களுக்குப் பயன்படுமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஈசூன்வாசி (சிங்கப்பூரின் ஈசூன் பகுதி, சொந்த ஊர் குலசேகரம்)

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். எக்கனாமிஸ்ட் இண்டெலிஜென்ஸ் யூனிட் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட வாழ்க்கைச் செலவுப் பட்டியலில் சிங்கப்பூரும் சூரிக்கும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது உண்மைதான். ஆனால் அந்தச் செலவு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டு வாடகை, கார், மது ஆகிய மூன்றும்தான் இந்த ஊரில் ஆளை விழுங்குபவை. கார் வாங்க வேண்டுமானால் காரின் விலைக்கு மேல் உரிமைச் சான்றிதழ் ஒன்றையும் ஏலத்தில் எடுக்க வேண்டும் என்னும் முறை 1990 முதல் நடப்பில் இருக்கிறது. அதே சமயம் மது, புகையிலை, வாகனம், எரிபொருள் ஆகியவற்றைத் தவிர வேறு இறக்குமதிப் பொருள்களுக்குச் சுங்கத் தீர்வை அநேகமாக இல்லை. பொருள் சேவை வரி மட்டுமே உண்டு, அது 2024 சனவரி முதல் 9 விழுக்காடு. ஆகவே வாடகை மிகுந்த கடையில் வாங்காதவரை, சின்னச் சின்னப் பொருள்களுக்கு இந்த ஊர் நீங்கள் அஞ்சும் அளவுக்குச் செலவு வைப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) 65 ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டால் உங்கள் கையில் ஏறத்தாழ நூற்றைம்பது வெள்ளி இருக்கும். ஆர்ச்சர்ட் சாலை வளாகங்களில் அது ஒரு கைப்பைக்குக்கூடப் போதாமல் போகலாம். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய குடியிருப்புகளுக்குக் கீழே இருக்கும் கடைகளிலும் பேட்டைப் பேரங்காடிகளிலும் அதே தொகைக்கு ஒரு பெட்டி நிறையும். இங்குள்ளவர்களில் பெரும்பாலோர் அந்தக் குடியிருப்புகளில்தான் வாழ்கிறார்கள், தோ பாயோ, அங் மோ கியோ, தெம்பனிஸ் போன்ற பேட்டைகளின் நடுவே இருக்கும் கடைகளில்தான் வாங்குகிறார்கள். உங்கள் அண்ணன் வீட்டுக்கு அருகிலும் அப்படி ஒரு கடைத்தொகுதி கட்டாயம் இருக்கும். வந்த முதல் நாளே அங்கே ஒரு சுற்று நடந்து விலைகளைப் பார்த்துவிட்டால், பிறகு சைனாடவுனிலோ புகிஸ் தெருவிலோ ஒருவர் சொல்லும் விலை நியாயமா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பொருளை யாரும் கடையில் வாங்க முடியாது. சிங்கப்பூர்க் காசு ஒவ்வொன்றிலும் நாட்டின் பெயர் நான்கு ஆட்சிமொழிகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது, அவற்றுள் ஒன்று தமிழ். கடல் கடந்த ஒரு நாட்டின் காசில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் எழுதியிருப்பதைக் கையில் வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு, பிளாஸ்டிக் சாவிக்கொத்து எதற்கு? 2013-இல் வெளிவந்த வரிசையில் 5 காசில் எஸ்பிளனேட் அரங்கம், 10 காசில் வீவக குடியிருப்பு, 20 காசில் சாங்கி விமான நிலையம், 50 காசில் துறைமுகம், ஒரு வெள்ளியில் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் என்று ஊரையே பார்த்துவிடலாம். 1985-இல் தொடங்கிய பழைய வரிசையும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது, அதில் எல்லாம் பூவும் இலையும்தான். 10 காசில் மல்லிகை இனப் பூ, ஒரு வெள்ளியில் நித்தியகல்யாணி. பூச்சந்தைக்குப் பெயர்போன தோவாளைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பிடிக்காமல் போகாது. ஆளுக்கு ஒரு 10 காசு என்றால் நாற்பது பேருக்கும் சேர்த்து மொத்தச் செலவு நான்கே வெள்ளி. அண்ணனிடம் இப்போதே சொல்லிச் சில்லறையைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இங்கே பலரும் அட்டையிலும் கைப்பேசியிலும் பணம் செலுத்துவதால் வீட்டில் சில்லறை தேங்குவது குறைந்துவிட்டது.

ஆசிரியர் அறைக்குத் தின்பண்டமோ குடிக்கும் பொருளோ நல்லது. பேரங்காடியில் விற்கும் காப்பித்தூள், பால்தூள், சர்க்கரை மூன்றும் கலந்த காப்பிப் பொட்டலம், ரம்பை இலை மணக்கும் காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம், லக்சா என்னும் கார நூடுல்ஸ் குழம்புக்கான மசாலா விழுது ஆகியவை இந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் வீட்டில் புழங்குபவை. ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் போன்ற பேரங்காடிகளில் இவற்றை வாங்குங்கள். இதே பொருளைப் படம் போட்ட தகரப் பெட்டியில் வைத்து விமான நிலையத்தில் விற்கும்போது பெட்டிக்கும் சேர்த்து நீங்கள்தான் பணம் தருகிறீர்கள். லக்சா விழுதில் இறால் சேர்ந்திருக்கும், ஆகவே சைவ வீடுகளுக்கு ஆகாது. கடற்கரைப் பக்கத்துச் சொந்தங்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

கோடாலித் தைலத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அது 1928-இல் சிங்கப்பூரிலேயே தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு, எனவே பாட்டி கேட்டதில் தவறே இல்லை. இப்போது சென்னையிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது என்றாலும், இங்கே சிறு புட்டிகளைக் கட்டாக விற்கும்போது விலை குறைவு. பாட்டிக்கு மட்டும் என்று ஒன்று வாங்காதீர்கள். ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டால், பட்டியலில் விட்டுப்போய் வாசலில் வந்து நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் அது ஆகும்.

முஸ்தபாவுக்குப் போகலாம். சையது ஆல்வி சாலையில், ஃபேரர் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்கு அருகே இருக்கிறது. தைலம், சோப்பு, காப்பி ஆகியவற்றை மொத்தமாக வாங்க அது நல்ல இடம். ஆனால் அங்குள்ள பல பொருள்கள் நம் நாட்டிலிருந்து அங்கே போனவை என்பதை மறந்துவிட்டு வாங்குகிறவர்கள் ஏராளம். பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்த பிறகே கூடையில் போடுங்கள்.

வரியைத் திருப்பித் தரும் திட்டம் உங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது. ஒரே வணிகரிடம் வரியோடு சேர்த்துக் குறைந்தது நூறு வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தொகையை ஒரே நாளில் பெற்ற மூன்று இரசீதுகள் வரை சேர்த்துக் காட்டலாம். வாங்குகிறவர் சுற்றுலாப் பயணியாக இருக்க வேண்டும், கடவுச்சீட்டைக் கடையில் காட்ட வேண்டும். அண்ணன் அட்டையைத் தேய்த்துவிட்டுப் பிறகு நீங்கள் கேட்டால் கிடைக்காது. கிடைக்கும் தொகையிலும் சேவைக் கட்டணம் கழியும். நூறு வெள்ளியில் வரியாக இருக்கும் எட்டு வெள்ளிக்காக அந்த நூறையும் ஒரே கடையில் கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முஸ்தபாவில் தானாகவே அந்தத் தொகை சேர்ந்துவிட்டால் கேட்டுப் பெறுங்கள்.

பதில்: சன்னதித் தெரு கடைக்காரன், கன்னியாகுமரி

டீச்சர், நான் சிங்கப்பூரைப் பார்த்தவன் இல்லை. ஆனால் வருகிற பயணிகளுக்கு நினைவுப் பொருள் விற்றுத்தான் பிழைக்கிறேன் என்பதால், விற்கிறவன் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல முடியும்.

எங்கள் ஊரில் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறப் போகும் வழியில் உள்ள கடைக்கும், ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள கடைக்கும் வாடகையில் மிகுந்த வேறுபாடு உண்டு. இரண்டு கடைக்காரர்களும் ஒரே மொத்த வியாபாரியிடம் எடுத்த அதே சோழி மாலையை, அதே வண்ணமணல் பொட்டலத்தை வெவ்வேறு விலைக்கு விற்பதற்கு அந்த வாடகைதான் காரணம். பேராசையால் மட்டும் விலை ஏறுவதில்லை. எந்த ஊரானாலும் கூட்டம் நின்று படம் எடுக்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிப் போனால் விலை இறங்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்தது. ஐயப்ப சீசனில் எங்கள் தெருவில் விலை கேட்டவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இன்னொன்று, சாவிக்கொத்து, காந்தப் படம், மணிப்பர்ஸ் போன்றவற்றில் பெரும்பாலானவை சீனத்து ஆலைகளிலிருந்து வருபவை, ஊர்ப்பெயர் மட்டும்தான் மாறும். எனக்கு வரும் சரக்கிலும் அப்படித்தான். அதனால் அவற்றை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, என் வயிற்றில் நானே அடித்துக்கொள்ள முடியாது. வாங்கினால் டசன் கணக்கில் விலை கேளுங்கள். ஒன்று ஒன்றாக விலை கேட்கிறவரிடம் எந்த ஊர்க் கடைக்காரரும் முழு விலையைத்தான் சொல்வார். விலைச்சீட்டு ஒட்டிய கடையில் பேரம் பேசாதீர்கள். சீட்டு இல்லாத கடையில், கையில் எடுத்துப் பார்த்த பொருளைத் திரும்ப வைத்துவிட்டு நடக்கத் தொடங்கும்போது வரும் விலைதான் உண்மையான விலை.

காந்தப் படமானால் கடையிலேயே ஏதாவது இரும்பில் ஒட்டிப் பாருங்கள், பலவற்றில் காந்தம் பெயருக்குத்தான் இருக்கும். பாத்திக் துணியானால் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய துணியில் இரு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், அச்சடித்த துணியில் பின்புறம் வெளிறிக் கிடக்கும். அச்சுத் துணியை அச்சுத் துணியின் விலைக்கு வாங்குவதில் தவறு இல்லை. மெழுகுத் துணியின் விலைக்கு அதை வாங்குவதுதான் தவறு.

கடைசியாக, இரண்டு நாத்தனார்களுக்கும் நிறம்கூட மாறாமல் ஒரே பொருளை வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு ஆசிரியர்களுக்கும் அப்படியே. எங்கள் கடையில் குடும்பமாக வந்து பரிசு வாங்குகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்வது விலையைப் பற்றி இல்லை, யாருக்கு எது என்பதைப் பற்றித்தான்.

பதில்: குளச்சல் பயணி

மேலே சொன்னவை எல்லாம் சரி. எடையை மட்டும் யாரும் பேசவில்லை. மலிவுக் கட்டண விமானங்களில் சீட்டோடு கைப்பெட்டி மட்டும்தான் வரும், பெரிய பெட்டிக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அதை விமான நிலையத்தில் போய்க் கட்டினால் முன்கூட்டியே இணையத்தில் கட்டுவதைவிடக் கூடுதலாகும். பத்தாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கிவிட்டு, எடை கூடியதற்காக அதில் பாதியைக் கட்டணமாகத் தந்தவர்களைச் சாங்கி விமான நிலையத்தில் பார்த்திருக்கிறேன். உங்கள் சீட்டில் எத்தனை கிலோ சேர்ந்திருக்கிறது என்பதை அண்ணனிடம் இன்றைக்கே கேளுங்கள்.

காயா, மசாலா விழுது, தைலம் எல்லாம் திரவக் கணக்கில் வரும். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பெட்டியில் விட மாட்டார்கள், ஆகவே அவை பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். கண்ணாடிப் புட்டிகளைத் துணிகளுக்கு நடுவே வையுங்கள். சாக்லேட் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. மே மாத வெயிலில் திருவனந்தபுரத்திலிருந்து தக்கலை வருவதற்குள் அது என்ன ஆகும் என்பது ஒருபுறம் இருக்க, அதே சாக்லேட்டுகள் நம் பக்கத்து வெளிநாட்டுப் பொருள் கடைகளிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

செராங்கூன் சாலையில் நகைக்கடைகளைப் பார்த்து யாரேனும் தங்கம் வாங்கி வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சுங்கவரி இல்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவர்களுக்கு உரியது. ஒரு வாரம் போய் வருகிறவருக்கு அது பொருந்தாது.

போகும்போது வெறும் பெட்டியோடு போகாதீர்கள். நேந்திரங்காய் வத்தல், கருப்பட்டி, மார்த்தாண்டம் தேன் என்று அண்ணன் வீட்டுக்கும் மைனியின் தோழிகளுக்கும் பெட்டி நிறையக் கொண்டுபோங்கள். அவற்றை அங்கே இறக்கியபின் கிடைக்கும் இடம்தான் நீங்கள் திரும்ப நிரப்ப வேண்டிய அளவு. எத்தனை கிலோ இறக்கினீர்களோ அத்தனை கிலோ வாங்குங்கள், அதற்கு மேல் எடுக்காதீர்கள்.

தக்கலை ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. காசு யோசனை என் மனத்தில் ஒட்டிக்கொண்டது. அதை ஒரு பாடமாகவே நடத்திவிடலாம் என்று தோன்றுகிறது. அண்ணனிடம் சொல்லிவிட்டேன், மைனி ஏற்கெனவே சில்லறையைப் பழைய ஊறுகாய்ப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறாராம். பெட்டிக்கு 20 கிலோ சீட்டிலேயே சேர்ந்திருக்கிறது என்பதும் உறுதியாகிவிட்டது.

ஈசூன் அண்ணனிடம் இன்னும் இரண்டு கேள்விகள். காயாவில் முட்டை சேர்ப்பார்கள் என்று மைனி சொல்கிறார். ஆசிரியர் அறையில் நால்வர் முட்டை தொடாதவர்கள், அவர்களுக்கு என்ன செய்வது? இரண்டாவது, மாமியாருக்கு என்ன வாங்குவது? அவருக்குச் சேலை இங்கேயே நல்லதாகக் கிடைக்கும், தின்பண்டத்தில் விருப்பம் இல்லை, அலங்காரப் பொருள் எதைக் கொடுத்தாலும் அலமாரிக்குள் போய்விடும். ஆனால் அவருக்கு ஒன்றும் இல்லாமல் நான் வீட்டுக்குள் நுழைய முடியாது. கடைக்கார அண்ணாச்சி சொன்ன ஒரே பொருள் விதி அவருக்கு மட்டும் பொருந்தாது.

பதில்: ஈசூன்வாசி

மைனி சொன்னது சரிதான், காயா முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டுவது. முட்டையில்லாத காயாவும் விற்கிறார்கள் என்றாலும், நால்வருக்கு ஒன்று, எண்மருக்கு ஒன்று என்று பிரிப்பதைவிடக் காயாவையே விட்டுவிடுவது நல்லது. அண்ணாச்சியின் விதி இங்கேதான் பொருந்துகிறது. காப்பித்தூளில் இரண்டு பெரிய பொட்டலங்களை வாங்கி ஆசிரியர் அறையில் பொதுவாக வைத்துவிட்டு, ஆளுக்கு ஓர் அஞ்சலட்டையோ புத்தகக் குறியோ கொடுத்தால் போதும். பெரானக்கான் (மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீன வம்சாவளியினர்) வீடுகளின் பூ ஓடுகளை அச்சிட்ட அட்டைகளும் கோப்பைத் தட்டங்களும் சைனாடவுனில் பகோடா தெரு, திரெங்கானு தெருப் பக்கம் கிடைக்கும். எடையே இல்லாதவை, ஊரின் அடையாளமும் அவற்றில் இருக்கும். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு மூன்று வெள்ளி என்று வைத்துக்கொண்டால்கூட முப்பத்தாறு வெள்ளியில் முடிந்துவிடும்.

நாத்தனார்களின் பிள்ளைகள் நால்வருக்கும் டைசோ கடைக்குப் போங்கள். இரண்டு வெள்ளியை அடிப்படை விலையாகக் கொண்ட ஜப்பானியக் கடை அது, அதற்கு மேல் வரி சேரும். எழுதுபொருள், வண்ணக் காகிதம், மடிப்புக் கலைத் தாள், சிறு சோற்றுப் பெட்டி என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றவை குவிந்திருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் உங்களிடம் இன்னும் எழுபது, எண்பது வெள்ளி மிஞ்சும், தைலக் கட்டுக்கும் நாத்தனார்களுக்கும் போக மாமியாருக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

அவருக்கு நான் இரண்டு பொருள்களைச் சேர்த்துத் தரச் சொல்வேன். முதலாவது, புலி மார்க் தைல நிறுவனத்தின் மருந்துப் பட்டை. மூட்டிலோ தோளிலோ ஒட்டிக்கொள்ளும் இதை மருந்தகங்களிலும் பேரங்காடிகளிலும் விற்கிறார்கள். அந்த வயதில் வலி இல்லாதவர் அரிது, அலமாரிக்குள் போகாமல் உடம்பில் இருக்கும் பரிசு அது. தோல் எரிச்சல் உண்டாகிறதா என்று முதலில் சிறிது நேரம் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, அராப் தெருவிலோ கேலாங் சிராய்ச் சந்தையிலோ பருத்திப் பாத்திக் துணி ஒன்று, சேலைக்கு மேல் போர்த்திக்கொள்ளும் அகலத்தில். பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க அண்ணாச்சி சொல்லித் தந்திருக்கிறார். சூன் மாத மழையில் காலையில் கோயிலுக்குப் போகும்போது அது பயன்படும், யார் வாங்கி வந்தது என்று நாலு பேர் கேட்கவும் செய்வார்கள். நான் அறிந்தவரை மாமியார்களுக்கு அந்தக் கேள்விதான் பரிசின் பாதி மதிப்பு.

முஸ்தபாவுக்கும் தேக்கா சந்தைக்கும் வேலை நாளின் முற்பகலில் போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு விடுப்பு என்பதால் லிட்டில் இந்தியா முழுவதும் நம் ஆட்களால் நிரம்பியிருக்கும். ஊர்க்காரர்களைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது, ஆனால் பையோடு நின்று விலைச்சீட்டைப் படிக்க முடியாது.